சத்தமில்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை

மகளுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள், தடவினேன். பிள்ளை முகத்தைச் சுளித்து அழுதாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா, "ஏட்டி, செத்த நேரம் சும்மா இரேன். லேட்டாப் பேசுற பிள்ளைகளும் உண்டு" என்பாள். அவளுக்கென்ன, அவள் பிள்ளைகள் இரண்டு பாஷையில் சண்டை போட்டன.

அரிசி களையும்போதுகூட ஊமை என்ற சொல்தான் மண்டைக்குள் ஓடும். பாதியில் எழுந்துபோய்ப் பிள்ளைக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டுவேன். திரும்பிப் பார்ப்பாள். அதையும் மெதுவாகத்தான் தட்ட வேண்டும், தூங்கும் என் கணவர் விழித்துவிடுவார்.

அவருக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் அதே அறையில் தூங்குவார். ரேடியோ கிடையாது, சத்தம் கிடையாது. அது எங்களுக்குக் கஷ்டமாகவும் இல்லை. பிள்ளை பிறக்கும்வரை நானும் அந்த மில்லில்தான் வேலை பார்த்தேன். மிஷின் இரைச்சலில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது, எல்லாம் கைதான். நூல் அறுந்தால் ஒரு சைகை, மேஸ்திரி வந்தால் ஒரு சைகை. அந்தக் கைப்பேச்சே வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போடு, கதவைச் சாத்து, பிள்ளையைப் பிடி, எல்லாவற்றுக்கும் கை போதும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு டாக்டரம்மா இருந்தார். காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிள்ளைக்குச் சலித்துவிட்டது. என்னைப் பார்த்துத் தலைக்கு மேல் விரலைத் தூக்கி வட்டமாகச் சுற்றினாள்.

"என்னம்மா செய்றா?"

"வெளிய போகணும்ங்கா. மில்லுல வெளிய போக மாத்தாள் கேக்கணும்னா அப்படித்தான் காட்டுவோம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இவ பேசிக்கிட்டுத்தாம்மா இருக்கா. நீங்க ரெண்டு பேரும் பேசுற பாஷையில பேசுறா. இனிமே வாயால பேசுங்க. இவகிட்ட மட்டும் இல்ல, நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பேசணும்."

பஸ்ஸில் வரும்போது சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஊமை இல்லை. ஆனால் பேச்சு வரும் என்று டாக்டரம்மாவும் சத்தியம் செய்யவில்லையே.

சாயங்காலம் அவர் எழுந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். "என்னத்தப் பேச?" என்றார் அவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அஞ்சு வருசமா குடும்பம் நடத்துதோம். பேச ஒண்ணுமே இல்லியா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மில்லுல ஒன்னய ஒரு வருசம் பாத்துருக்கேன். உன் குரல் எப்படி இருக்கும்னு தெரியாது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குத்தான் கேட்டேன்."

இதை அவர் அதுவரை சொன்னதே இல்லை. "பொறவு?" என்றேன்.

பிறகு தினமும் ஷிப்டுக்குக் கிளம்பும்வரை பேசினோம். அவர் நாலு வார்த்தை சொல்லி நிறுத்துவார். நான் விடமாட்டேன், பொறவு, பொறவு என்று இழுப்பேன். பிள்ளை எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாரங்கள் ஓடின. ஒன்றும் நடக்கவில்லை. நான் பேசிக்கொண்டே உள்ளுக்குள் பதறினேன்.

ஒருநாள் அவர் சின்ன வயதில் கண்மாயில் விழுந்த கதையைச் சொன்னார். நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். நான் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தேன்.

"பொவு?"

அது என் குரல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய மடியில் கைவைத்து, அவர் வாயையே பார்த்து நின்றாள் என் மகள்.