கண் இல்லாத என் தலை

மகள் மண்ணில் என் தலையைச் செய்த காலத்தில் நாங்கள் ஏவன்டேல் என்ற வெளிநாட்டு ஊரில் இருந்தோம். சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் சிலை வகுப்பு. அவள் படிக்க, நான் எதிரே ஸ்டூலில் இருப்பேன். சும்மா இருந்து பழகாத உடம்பு எனக்கு. கால் ஆடும், கை சேலைத் தலைப்பைத் தேடும், ரயில் போனால் தலை தானாகத் திரும்பிவிடும்.

"அம்மா, ஆடாதேங்கோ. மூக்கு கோணப்போகுது."

"என்ரை மூக்கைக் கோணலாக்க உன்னாலை ஏலாது, பிள்ளை."

அவளுடைய வாத்தியார் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவருக்கு எப்போதும் ஒரு ஜெர்மன் சிற்பியின் கதைதான். நூறு வருசத்துக்கு முந்தின ஆள், கல் கொத்துகிறவரின் மகன். பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது உளியைத் தொடவே விடவில்லையாம். பழங்காலச் சிலைகளைப் பிளாஸ்டரில் வார்த்து வைத்திருப்பார்கள். அவற்றைப் பார்த்து வருசக்கணக்காகப் படம் கீறவேண்டும். பிறகுதான் மண், அதற்கும் பிறகு கல். ரோமாபுரிக்குப் போயும் அந்தப் பழைய சிலைகளுக்கு முன்னால்தான் இருந்தாராம். மகள் எனக்குத் தமிழில் சொல்லுவாள். அந்த மனுசன் எப்படித்தான் ஆடாமல் இருந்தாரோ என்று நினைப்பேன்.

வேலை முடிகிற அன்று எழும்பிப் போய் என் தலையைப் பார்த்தேன். மூக்கு, நாடி, தோடு எல்லாம் நான்தான். கண் இருக்கிற இடத்தில் மட்டும் உரித்த முட்டை மாதிரி வெறுமை.

"கண்மணி எங்கை?"

"இது இவ்வளவுதான், அம்மா. அந்த ஜெர்மன்காரர் செய்ததெல்லாம் இப்பிடித்தான். அடுத்த கிழமை சூளைக்குப் போகுது. பிறகு எல்லாரும் பாக்க வைப்பினம்."

எனக்கு நெஞ்சு கொதித்தது. கோயிலில் கண் திறக்காத சிலைக்கு நாங்கள் ஒரு பூவும் வைக்கமாட்டோம். என்னைக் குருடியாகச் சுட்டுச் சனத்துக்குக் காட்டுவதா?

"சூளைக்கு விடமாட்டன். ஏன் கண் வைக்கிறேல்லை எண்டு அவரைக் கேள்."

கேட்டாள். ஆதியில் அந்தச் சிலைகளுக்கு வர்ணத்தால் கண் தீட்டியிருந்தார்களாம். மண்ணுக்குள் கிடந்து வர்ணம் உரிந்து போய்விட்டதாம். பின்னுக்கு வந்தவர்கள் அப்படியே பார்த்துப் படித்தார்களாம்.

"அப்ப கண் இருந்ததுதானே. அவையள் உரிஞ்சதைப் பாத்துப் படிச்சதுக்கு நானோ குருடியாகிறது?"

மகள் சிரித்துக்கொண்டு அதை இங்கிலீசில் சொன்னாள். கிழவர் சிரிக்கவில்லை. என்னையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

கண் திறக்கும்போது முன்னால் ஆள் நிற்கக் கூடாது. அவரைச் சட்டைக் கையில் பிடித்து ஓரமாக்கினேன். கைப்பையிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து, முதல் பார்வை அதில் விழட்டும் என்று தலைக்கு நேரே பிடித்தேன். மகள் பக்கவாட்டில் நின்று கண்மணியைக் கீறினாள். அந்த நேரம் மட்டும் எனக்குக் காலும் ஆடவில்லை, கையும் ஆடவில்லை.

இடது கண் கொஞ்சம் மேலே போய்விட்டது. சூளையில் சுட்டெடுத்த தலை இப்போது எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருந்து வாசலைப் பார்க்கிறது. அதற்கு முன்னால் என்னால் அதிக நேரம் சும்மா இருக்க ஏலாது. எழும்பி ஏதாவது வேலை பார்க்கப் போய்விடுவேன்.