நான் விழுங்கிய சொல்

திருகோணமலையில் ஜெர்மன் மொழி வழிகாட்டியாக இருபத்தேழு வருடங்கள் வேலை செய்தேன். அதில் ஒரே ஒரு தடவைதான் வேண்டுமென்றே பிழையாக மொழிபெயர்த்தேன். அதுவும் அரை நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

அந்த முறை வந்தவர் ஓய்வுபெற்ற ஜெர்மன் இராணுவ ஜெனரல். எழுபது வயதுக்கு மேல். பிரபுக் குடும்பம், பெயரின் நடுவில் ‘ஃபொன்’ என்று வரும். நிலாவெளி ஹோட்டலில் தங்கி, கடலில் திமிங்கிலம் பார்த்து, கோட்டைக்கும் ஏறி இறங்கியாயிற்று. ஐந்தாம் நாள் சம்பூர்ப் பக்கம் போனோம். அங்கே மீளக் குடியேறிய ஒரு கிராமத்தில், வயலுக்குப் போகும் வழியில் வாய்க்காலுக்கு மேல் சின்னப் பாலம் ஒன்று கட்ட அவரும் நண்பர்களும் பணம் அனுப்பி உதவியிருந்தார்கள். அதை அவர் திறந்துவைக்க வேண்டும்.

வாகனத்தை விட்டு இறங்கியதும் விவசாயச் சங்கத் தலைவர் யோகராசா அண்ணை என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இவர் ஆமியெண்டு எனக்கு நேற்றுத்தான் தெரியும். சனத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சண்டையால வருசக் கணக்கா முகாமில கிடந்த சனம். இஞ்சினியர் எண்டு சொல்லுங்கோ. அதுவும் பொய்யில்லைத்தானே?”

பொய்யில்லைதான். அவர் இருந்தது பாலம் போடுகிற படைப்பிரிவில். “ஓம் அண்ணை” என்றேன்.

பந்தலுக்குக் கீழே ஐம்பது பேர் அளவில் இருந்தார்கள். அவர் எழுந்து, “நாற்பது வருடம் இராணுவத்தில் இருந்தேன். ஜெனரலாக ஓய்வுபெற்றேன்” என்றார். நான், “இவர் நாப்பது வருசம் பாலம் கட்டின இஞ்சினியர்” என்றேன். நல்ல கைதட்டல்.

அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். “ஜெனரல் என்ற சொல் எந்த மொழியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் ஒலிக்கும். உங்கள் வாயில் அது வரவில்லையே.”

எனக்குக் காது சுட்டது. காரணத்தைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “நான் யாரென்று தெரியாமல் அவர்கள் எனக்குச் சோறு போடக்கூடாது. சொல்லுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்கிறேன்.”

யோகராசா அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “ஒரு சொல்லை விட்டுட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவர் ஆமியில ஜெனரலா இருந்தவர்.”

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பி வெளியே போனார். அன்றைய சமையலுக்குப் பொறுப்பாக இருந்த தவமணி அக்கா அகப்பையோடு முன்னுக்கு வந்தார்.

“கேளுங்கோ தங்கச்சி, எத்தினை சண்டை பிடிச்சவர்?”

“ஒன்றும் இல்லை” என்றார் ஜெனரல்.

“ஒண்டும் இல்லையோ? நாப்பது வருசமா?”

“ஒருவரை நோக்கியும் நான் சுட்டதில்லை. பாலம் கட்டினோம், கழற்றினோம், மறுபடி கட்டினோம். ஒருமுறை பெரிய வெள்ளம். ஆறு நாள் மண்மூட்டை அடுக்கினோம். நான் நடத்திய பெரிய போர் அதுதான். அதிலும் பாதி ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது.”

முதலில் சிரித்தது தவமணி அக்காதான். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது.

யோகராசா அண்ணைக்கும் தைரியம் வந்துவிட்டது. “பெரிய போடியார் குடும்பமெண்டு கேள்வி. எத்தினை ஏக்கர்?”

நிறைய வயல் வைத்திருக்கும் பண்ணையாரை எங்கள் பக்கம் போடியார் என்பார்கள்; பிரபு என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கும் தெரியாது.

“இப்போது ஒரு ஏக்கர்கூட இல்லை” என்றார் ஜெனரல். “எனக்கு மூன்று வயதில், இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம், அம்மா என்னைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார். எல்லை மாறி, அந்த வீடும் நிலமும் இன்று வேறு நாட்டில் இருக்கின்றன. பத்தொன்பது வயதில் இராணுவத்தில் சேர்ந்தேன். உடுப்பும் சாப்பாடும் கொடுத்தார்கள், அதற்காகத்தான்.”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

“வீட்டைத் திரும்பிப் போய்ப் பாத்தவரோ?” தவமணி அக்கா கேட்டார்.

“ஒருமுறை. அங்கே இருந்தவர்கள் குடிக்கக் கோப்பி தந்தார்கள்.”

“எங்களுக்கு அதுவும் கிடைக்கேல்லை. காடா வளந்த பத்தையை வெட்டித்தான் எங்கட வீட்டு வளவுக்குள்ள போனனாங்கள்.”

நாடா வெட்டுகிற நேரம் வந்தது. ஜெனரல் கத்தரிக்கோலை வாங்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, வாய்க்காலுக்குள் இறங்கிப் பாலத்துக்கு அடியில் போய்விட்டார். கல்லால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சேற்றோடு வெளியே வந்து, “பாலம் உறுதி. ஆனால் இந்தக் கரையில் கல் அடுக்க வேண்டும். மழைக்கு மண் அரித்துவிடும்” என்றார்.

“அதைத்தான் நானும் தலைகீழா நிண்டு சொன்னனான்!” என்று ஒரு குரல் கத்தியது. முன்வரிசையில் இருந்து எழும்பிப் போனவர். பாலம் கட்டிய மேசன் அவர்தானாம். “ஒருத்தரும் கேக்கேல்லை!”

அவரும் வாய்க்காலுக்குள் இறங்கினார். இருவரும் அரை மணித்தியாலம் கையாலேயே கதைத்தார்கள். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. சோறு ஆறுகிறது என்று தவமணி அக்கா இரண்டு தரம் வந்து ஏசிய பிறகுதான் கரையேறினார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சனம் தாங்காது என்று யோகராசா அண்ணை நினைத்தார்; நானும் நம்பினேன். யார் எதைத் தாங்குவார்கள் என்று முடிவெடுக்க எங்களை ஒருவரும் கூப்பிடுவதில்லை. சொன்னதைச் சொல்லிவிட்டு விலகி நின்றால் போதும். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.