சனிக்கிழமையில் கேட்கக் கூடாத உதவி

எண்பதுகளின் நடுவில் வடக்கு லண்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். கீழ்த்தளத்தில் வயதான யூதத் தம்பதியர். பெரியவர் தையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி எப்போதும் தலையைத் துணியால் மூடியிருப்பார். படிக்கட்டில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான்.

குடியேறிய சில வாரங்களில், ஒரு சனிக்கிழமை காலை அந்த அம்மா மேலே வந்து கதவைத் தட்டினார்.

"எங்கள் சாப்பாடெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. நேற்று அதன் பல்பைக் கழற்ற மறந்துவிட்டோம்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், பசிபோலும் என்று நினைத்து, சோறும் பருப்பும் தரட்டுமா என்று கேட்டேன். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

மதியம் பெற்றோல் ஷெட் வேலை முடிந்து கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சனிக்கிழமை அவையின்ர ஓய்வு நாள், கரண்டைத் தொடமாட்டினம். ஃப்ரிட்ஜைத் திறந்தா உள்ளுக்கு லைட் பத்துமெல்லோ."

"அப்ப திறந்து விடச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"அதுவும் ஏலாது. தாங்கள் செய்யக்கூடாத வேலையை இன்னொராளிட்டச் செய்யச் சொல்லவும் கூடாதாம். நிலைமையைத்தான் சொல்லுவினம். நீராத்தான் விளங்கிச் செய்யவேணும்."

நான் கீழே ஓடினேன். மேசையில் ரொட்டி மட்டும் இருந்தது. இருவரும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து பல்பைக் கழற்றி மேலே வைத்தேன். அந்த அம்மா என் கன்னத்தைத் தடவினார்.

இன்னொரு நாள் அந்தப் பெரியவரிடமே கேட்டேன். வாய்விட்டுக் கேட்காமல் குறிப்பாகச் சொன்னாலும் வேலை நடக்கத்தானே போகிறது, பிறகு என்ன வித்தியாசம்? பலர் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"கை ஓய்ந்திருந்தால் மட்டும் போதாது, வாயும் ஓய வேண்டும். ஆறு நாளும் அதைச் செய், இதைச் செய் என்று ஏவுகிறோம். ஒரு நாளாவது யாரையும் ஏவாமல் இருந்து பார்க்கிறேன்."

அப்போது நான் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். காலையிலிருந்து மாலை வரை ஏவல் கேட்கும் வேலை. ஒரு சொல்லுக்காக ஒரு மனிதர் இவ்வளவு கவனமாக இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு நான் ஏழு மாதக் கர்ப்பிணி. கோடைகாலத்து ஒரு சனிக்கிழமை, கணவர் ஷிப்டுக்குப் போன பிறகு இரத்தம் போகத் தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து அவர்களுடைய வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா உள்ளே பார்த்துத் தன் கணவரைக் கூப்பிட்டார். பெரியவர் அப்போதுதான் தொழுகை முடிந்து வந்திருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நேராகப் போய்த் தொலைபேசியை எடுத்து ஆம்புலன்சுக்கு எண்களைச் சுழற்றினார். வரத் தாமதமாகும் என்றார்கள். ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தார்.

"இன்று சனிக்கிழமை. எதிர்வீட்டு வெள்ளைக்காரரைக் கூப்பிடுங்கள், அவர் ஓட்டுவார்" என்றேன்.

"உயிர் விஷயத்தில் நான் வேறு ஆளைத் தேடக் கூடாது. இது என்னுடைய வேலை. பேசாமல் வா."

தொழுகை முடிந்த குடும்பங்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தன. எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள். காரைக் கண்டு சிலர் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் பார்வையை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கித் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பெரியவர் காரின் பக்கத்தில் நின்று வார்டு ஊழியரிடம், "எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது" என்றார்.

"அப்படியென்றால் நிறுத்துங்கள், ஐயா."

பெரியவர் மறுபடியும் அதையே சொன்னார். அந்த வலியிலும் எனக்கு விளங்கியது. "என்னைக் கொண்டு வந்ததோடு அவர் வேலை முடிந்தது. இனி அவர் தொடமாட்டார். நீங்கள் நிறுத்திவிடுங்கள்" என்றேன். ஊழியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பினார்.

மகள் அன்றே பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் கிடந்து பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருவரும் இருந்திருக்க மாட்டோம் என்று டாக்டர் சொன்னார். பெரியவர் காரை அங்கேயே விட்டுவிட்டு, வெயிலில் வீடுவரை நடந்தே போனாராம். கால் வீங்கியிருந்ததை அவர் மனைவிதான் பிறகு சொன்னார்.

தொழுகைக் கூடத்தில் சிலர் பெரியவரிடம் விசாரித்ததையும் அந்த அம்மாவே சொன்னார். பக்கத்தில் வேறு ஆள் இல்லையா, கேட்டிருக்கலாமே என்றார்களாம்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஆள் இருந்தது, நான் கேட்கவில்லை, அடுத்த சனிக்கிழமை இதே மாதிரி நடந்தாலும் நானேதான் ஓட்டுவேன் என்றார்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.