இளநீர் குடித்த டிராக்டர்

கடைத்தெருவில் தங்கராஜுவைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. "டிராக்டரோட வந்த சீதனம்" என்பது அங்கே அவருக்கு வைத்த பெயர். அதில் பொய் ஒன்றுமில்லை. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில் சாமான்களை ஏலம் போட்டார்கள். பினாங்கில் மசாலா ஆலை போட நினைத்திருந்த ஷேக் அலாவுதீன் அங்கே போய்ப் பழைய டிராக்டர் ஒன்றை எடுத்தார். எடுத்த பிறகுதான் அதைக் கிளப்பவே தனக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

"இத ஓட்டுற ஆளு எங்க?" என்று கேட்டார்.

கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மனைவி வள்ளியம்மாவோடும் ஒரு தகரப் பெட்டியோடும் ஓரமாக நின்ற தங்கராஜு கையைத் தூக்கினார்.

"அப்ப ஏறு லா. ஆளில்லாத வண்டி எனக்கு எதுக்கு?" என்றார் அலாவுதீன், பினாங்குக்காரர்கள் 'லா' போட்டுப் பேசும் வழக்கப்படி.

அந்த வார்த்தையைத் தங்கராஜு நெஞ்சில் வைத்துக்கொண்டார். சாமி கும்பிடும்போது முதலில் முருகன், அடுத்து முதலாளி, மூன்றாவது டிராக்டர் என்று அவருக்கு ஒரு வரிசை உண்டு. "அதுல நான் எங்க?" என்று வள்ளியம்மா கேட்டால், "நீதான் பக்கத்துலயே நிக்கிறியே" என்று சமாளிப்பார்.

பினாங்குக்கு வந்த டிராக்டருக்கு உழ நிலம் ஏது? முதலாளியின் கடைக்குப் பின்னால் கொட்டகையில் நிறுத்தி, இரும்புச் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, பக்கவாட்டுச் சக்கரத்திலிருந்து அரவை இயந்திரத்துக்குப் பெல்ட் மாட்டினார்கள். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைபட்டன. அந்தச் சந்தில் நடந்தவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டே நடந்தார்கள்.

ஆயுத பூஜை வந்தால் தங்கராஜு டிராக்டரைக் கழுவி, விபூதி பூசி, பொட்டு வைப்பார். அதோடு நிற்கமாட்டார். ஓர் இளநீரைச் சீவி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரோடு தண்ணீராக உள்ளே ஊற்றிவிடுவார். "வருசம் பூரா நெருப்புல வேகுது. ஒரு நாளாவது அதுக்கு வயிறு குளிரட்டுமே" என்பார். முதலாளி தள்ளி நின்று பார்த்துவிட்டு, பொரிகடலையை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

இப்படியே சில வருடம் ஓடியது. ஒரு நோன்பு நெருங்கிய சமயம், மூட்டைகள் வாசல்வரை வந்து நின்ற நேரத்தில், டிராக்டர் புஸ்ஸென்று ஆவி விட்டு, தீய்ந்த வாடை கிளப்பி, ஒரு முனகலோடு நின்றது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் அசையவில்லை. தங்கராஜுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சீன மெக்கானிக் ஆ செங் வந்தார். தட்டினார், முகர்ந்தார், மலாயில் விவரம் சொன்னார். சூட்டில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. திறந்து சரிசெய்யலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் எண்ணெயும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, பிறகு ஏன் சூடேறியது? காரணம் தெரியாமல் பழுது பார்த்தால் அடுத்த மாதமே மறுபடி பிடிக்கும். அதற்குப் பேசாமல் இதைத் தள்ளிவிட்டு மின்சார மோட்டார் வாங்கிவிடலாம் என்றார்.

முதலாளி வெகுநேரம் தாடியைத் தடவினார். "நாளைக்கி மோட்டார்க்காரன வரச் சொல்றேன். நீ பயப்படாத தங்கராஜு. மூட்டை தூக்குற வேலை இருக்கு, பாத்துக்கலாம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனாலும் தங்கராஜு மூட்டைகளை விட்டு டிராக்டரிடமே திரும்பிப் போனார்.

பொழுது சாய்வதற்குள் ரேடியேட்டர் தண்ணீரையாவது இறக்குவோம் என்று அதன் அடிப்பக்கக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தார். பழுப்பும் வெளுப்புமாக ஒரு சேறு கொழகொழவென்று இறங்கியது. கருகின வெல்ல வாடை. அத்தனையும் இளநீர்! வயிறு குளிரட்டும் என்று ஊற்றி ஊற்றி, அதன் குடலையே அடைத்திருக்கிறார்.

வீட்டில் வள்ளியம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயத் தொறக்காதீங்க. எஞ்சினக் கொன்னவன்னு தெரிஞ்சா மூட்டை தூக்கக்கூட விடமாட்டாங்க."

"கப்பலேறாமக் காப்பாத்தின மனுசன்கிட்ட எப்படிப் புள்ள மறைக்கிறது? காரணம் தெரிஞ்சா அவருக்குச் செலவு மிஞ்சும். என்னைய விரட்டினா விரட்டட்டும்."

காலையில் சேற்றை ஒரு தகரக் குவளையில் எடுத்துக்கொண்டு போனார். மோட்டார்க்காரர் அதற்குள் வந்து, படம் போட்ட தாளை விரித்து வைத்திருந்தார். தங்கராஜு அவர் எதிரிலேயே, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நான்தான் மொதலாளி. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை இளநீ ஊத்தினேன். அதான் அடைச்சிருச்சு."

அலாவுதீன் குவளையை வாங்கி முகர்ந்தார். விரலை விட்டுத் தேய்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இந்த வெள்ளையும் இளநீயா?"

"சுண்ணாம்பா இருக்கும் மொதலாளி. எனக்கும் வெளங்கல."

"சுண்ணாம்பு இல்ல லா. சந்தனம்." முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "கந்தூரி முடிஞ்சா நம்ம பினாங்கு நாகூர் தர்காவுல சந்தனம் வாங்கியாந்து, நீ சாப்பிடப் போற நேரமாப் பாத்து, அதுக்குள்ள நான் கரைச்சு ஊத்துவேன். பரக்கத்தா, ஆண்டவன் அருளோட ஓடட்டுமேன்னு. ஒங்கிட்ட சொன்னா நீ ஏதும் நெனச்சுக்குவியோன்னு சொல்லல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்பது இருவருக்கும் பிறகு நினைவில்லை. தங்கராஜுவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த டிராக்டருக்குத் தான் ஒருவன்தான் வேண்டிக்கொள்வதாக நினைத்திருந்தார்.

மோட்டார்க்காரர் விடவில்லை. "பழசப் போட்டு ஏன் அழுவுறீங்க மொதலாளி? இதுல பொத்தான அமுக்கினாப் போதும். ஆளே தேவையில்ல."

"ஆளே தேவையில்லையா?" என்றார் அலாவுதீன்.

"அறவே தேவையில்ல."

"அப்ப எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போங்க தம்பி."

ஆ செங் வந்து தண்ணீர் வழி முழுவதையும் சுரண்டிக் கழுவி, பிஸ்டனை விடுவித்தார். நோன்புக்கு முன்னால் வாசல் மூட்டைகள் அத்தனையும் அரைபட்டுத் தீர்ந்தன.

அடுத்த ஆயுத பூஜைக்கு ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் போயிற்று. சந்தனத்தை முதலாளியே எல்லோரும் பார்க்க டிராக்டரின் நெற்றியில் பூசினார். தங்கராஜு இளநீரைச் சீவி அவரிடம் நீட்டினார். அவர் பாதி குடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"குடி. இவ்வளவு நாள் ஒன் பங்கையும் அதுவே குடிச்சிருச்சு."