அக்கா தைத்த சட்டைக் கைகள்

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் இக்கல்வெட்டை, இந்நினைவு மலரை, கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். இத்தகைய மலர்களில் மறைந்தவரைப் புகழ்வதும், இருப்பவரைக் குறை கூறாது விடுவதும் வழக்கம். முதலாவதை நிறைவேற்றுவேன். இரண்டாவதற்கு என்னால் உறுதி தர இயலாது.

அக்கா மானிப்பாயில் பிறந்தார். நான் அவருக்கு அடுத்தவன். எங்கள் பெற்றோர் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினர். அக்காவுக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தனர். அதைக் குறித்து அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்த அத்தான் நோயில் மறைந்தபின், ஒரே மகன் சேந்தனைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் வந்து சேர்ந்தார். ஒபர்வில்லியேயில், யன்னல் இல்லாத ஒரு பட்டறையில், முகமறியாதவர்களின் மேலங்கிகளுக்கு உட்துணி தைத்தார். பல ஆண்டுகளின் பின்னரே, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், மரக்கறிக் கடை ஒன்றின் பக்கத்தில், தமக்கெனச் சிறியதொரு தையற்கடை திறந்தார்.

சேலைச் சட்டை தைப்பதில் அவருக்கு இணையானவர் அங்கு இருக்கவில்லை. அக்குளில் வெளித்தெரியாத ஒரு துண்டுத் துணி வைத்துத் தைப்பது அவருடைய முறை. அளவு பார்க்க வரும் எந்தப் பெண்ணையும் கையை உயர்த்திக் காட்டாமல் வெளியே விடமாட்டார்.

“கையைத் தூக்கும் பிள்ளை. இன்னும் மேலை.”

“காணும் அன்ரி, நான் என்ன பஸ்ஸிலை தொங்கவே போறன்?”

“சபையிலை தூக்கேக்கை கிழிஞ்சால் உனக்கு வெக்கம் ஒரு நாளைக்கு. என்ரை பேர் கெட்டது கெட்டதுதான்.”

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் பிரெஞ்சுப் பாராளுமன்றம், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்யலாம் என வாக்களித்தது. வீதிகளில் பேரணிகள் சென்றன. லா சப்பல் தேநீர்க் கடைகளில், தம் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக்கூட வாசித்தறியாதோர் திடீரெனச் சட்ட வல்லுநராயினர். கலாசாரத்தைக் காக்கப் பலர் முன்வந்தனர்; தேநீர் ஆறுமட்டும் காத்தனர்.

அடுத்த ஆண்டில் ஒருநாள் சேந்தன் கடைக்கு வந்து, மத்தியூ என்ற பிரெஞ்சு இளைஞரைத் தான் மணம் செய்ய விரும்புவதாகத் தாயிடம் கூறினான். அக்கா இயந்திரத்தை நிறுத்தினாராம்.

“என்ன வேலை பாக்கிறான்?”

“ஆஸ்பத்திரியிலை தாதி, அம்மா.”

“உறைப்புச் சாப்பிடுவானோ?”

“பழகிறான்.”

அதன்பின் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “தம்பி, உனக்குப் பிடிக்காது எண்டு எனக்குத் தெரியும். அதை நீ சொல்லத் தேவையில்லை. கோட்டைத் தோய்க்கக் குடு. வாறாய்.”

எனக்கு உவப்பாக இருந்தது என்று இங்கு எழுதினால் அக்காவே சிரிப்பார். உவப்பாக இருக்கவில்லை, இன்றும் இல்லை. ஆயினும் எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு நான் செல்வதா இல்லையா என்பதைத் தேநீர்க் கடை தீர்மானிக்க நான் இடமளித்தவனல்லன். மாநகர மண்டபத்தில் முன்வரிசையில், காஞ்சிபுரச் சேலை உடுத்திருந்த அக்காவின் அருகில் அமர்ந்திருந்தேன். எமக்குப் பின்னால் எமது உறவினருக்கென விடப்பட்ட நாற்காலிகள் வெறுமையாக இருந்தன.

அந்நாளின் பின் அக்காவுக்குத் திருமண அழைப்பிதழ்கள் வருவது நின்றது. சட்டைத் துணிகள் வருவது நிற்கவில்லை. அழைக்காத வீடுகளின் மணமகள்மார் பின்கதவால் வந்து அளவு கொடுத்தனர். தாய்மார் ‘அவசரம்’ என்றனர். எல்லாவற்றையும் குறித்த நாளில் தைத்துக் கொடுத்தார். “ஏன் அக்கா இவளவைக்குத் தைக்கிறியள்?” என்று நான் கோபித்தபோது, “பொம்பிளைப்பிள்ளை கிழிஞ்ச சட்டையோடையே மணவறையிலை இருக்கிறது?” என்றார். ஒழுக்கம் என்பதை நான் நூல்களில் படித்தவன். அதை அழைப்பிதழ் அட்டையால் அளந்தவர்களை அந்த ஆண்டுகளில்தான் கண்டேன்.

கடைசிக் காலத்தில் அக்கா கார்ஜ் லே கொனெஸில் மகன் வீட்டில் படுக்கையில் இருந்தார். அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததும், உடம்பு துடைத்ததும், கஞ்சியை ஆற்றிப் பருக்கியதும் மத்தியூவே. “மாமி, இஞ்சை பாருங்கோ” என்று அவர் கூப்பிட்டால்தான் அக்கா வாய் திறப்பார். மகன் கொடுத்தால் உப்புக் குறைவு என்பார். அதே பானைக் கஞ்சிதான்.

அக்கா கண்மூடிய அன்று மாலை உறவினர் அந்த வீட்டில் நிறைந்தனர். திருமணத்துக்கு வராதோர் செத்தவீட்டுக்குத் தவறாது வந்தனர். எமது வழக்கப்படி மரண அறிவித்தல் எழுத வேண்டியிருந்தது: அன்னார் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமியார். நான் சொல்லச் சொல்லச் சேந்தன் எழுதினான். ‘மாமியார்’ என்ற இடத்தில் மத்தியூவின் பெயரைச் சொன்னேன்.

சூரிச்சிலிருந்து வந்திருந்த எங்கள் சித்தப்பாவின் மகன் தொண்டையைச் செருமினார். அவரை இம்மலரில் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

“அண்ணை, உலகம் முழுக்கப் பாக்கிற அறிவித்தல். ‘குடும்ப நண்பர்’ எண்டு போட்டால் ஆருக்கு என்ன குறை?”

“அம்மாவுக்குக் குறை,” என்றான் சேந்தன்.

“நான் தனிய முடிவெடுக்கேல்லை. எல்லாரும் இஞ்சை இருக்கிறம். கையை உயர்த்திக் கேட்டுப் பாப்பம். சுவிஸிலை நாட்டையே அப்பிடித்தான் நடத்துறாங்கள்.”

உடனே, ‘குடும்ப நண்பர்’ என்பதற்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. அடுத்த அறையில் அக்காவின் படுக்கை விரிப்புக்கூட இன்னும் மடிக்கப்படவில்லை. எதிராகக் கேட்டபோது, சுவரோரம் நின்ற பிள்ளைகள் அனைவரும் கை தூக்கினர். தேவாரத்தைக் கைபேசியைப் பார்த்துப் பாடுகின்ற, தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கின்ற அப்பிள்ளைகளை நான் மெச்சியவனல்லன். அன்று அந்த அறையில் வெட்கமறிந்தோர் அவர்களே.

“கலியாணம் முடிக்காத ஆக்களுக்கு இதிலை வாக்கில்லை,” என்றார் சூரிச்காரர். அந்தச் சட்டம் அக்கணத்தில் பிறந்தது.

அவருடைய மகள் அபிரா சிரித்தாள். “அப்ப மத்தியூ அண்ணா தூக்கலாம். அவர் கலியாணம் முடிச்சவர்தானே?”

“வாயை மூடு.”

“ஆணும் ஆணும் கலியாணம் முடிக்கலாமோ எண்டு சுவிஸிலை வாக்கெடுப்பு வரேக்கை, வீட்டு மேசையிலை இருந்து நீங்கள் ‘ஓம்’ எண்டுதானே எழுதினனீங்கள்? நான்தானே தபாலிலை போட்டனான்.”

சூரிச்காரர் மகளைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “அது அந்த நாட்டுக்கு. இது எங்களுக்கு.”

இந்த வாக்கியத்துக்கு நான் விளக்கவுரை எழுதப்போவதில்லை. மகள் அருகில் இருந்தபோது ஒரு நாட்டின் சட்டத்தை மாற்ற உடன்பட்ட கை, ஊரார் பார்த்திருந்தபோது ஒரு பெயருக்கு உடன்படவில்லை. எதிர்ப்பவனை நான் மதிப்பேன், நானே மகிழாதவன்தான். ஆட்களைப் பார்த்துக் கொள்கையை மடித்து வைப்பவனுக்கு என்னிடம் ஆசனமில்லை.

“இது சங்கக் கூட்டம் இல்லை, தம்பி,” என்றேன். “செத்தவீடு. கையைக் கீழை விடு.”

அறிவித்தல் வெளியிடுபவருக்கு எல்லோர் முன்னிலையிலும் தொலைபேசி எடுத்தேன். அவரும் தயங்கினார்.

“ஐயா, மருமகன் எண்டு போடட்டோ, இல்லாட்டி…”

“மருமகன். மத்தியூ. பாரிஸ்.”

“அப்பிடியெண்டால் என்ரை பேரை எடுங்கோ அண்ணை!” என்றார் சூரிச்காரர்.

“எடுத்தாச்சு.”

மறுநாள் அவர் பெயரில்லாத அறிவித்தலைக் கண்ட நண்பர்கள் விசாரிக்கத் தொடங்கியதும், திருத்த முடியுமா என்று கேட்டார். எங்கள் வீட்டு அறிவித்தலில் பிழை இருக்கவில்லை. ஆகவே திருத்தமும் இருக்கவில்லை. சேந்தன் முன்னேயும் மருமகன் அவனருகேயும் நடக்க, அக்கா எம்மை விட்டுப் பிரிந்தார்.

இனி நன்றி கூறும் கடமை. அக்காவை இறுதிவரை கவனித்த வைத்தியர்க்கும் தாதியர்க்கும், கிரியைகளை முறைப்படி நடத்திய ஐயருக்கும், அடுக்களைப் பக்கம் எவரையும் விடாமல் உணவு கொண்டுவந்த அயலவர்க்கும், நாற்காலிகள் தந்துதவிய மேல்மாடிக் குடும்பத்துக்கும், தேவாரத்தைத் திக்கித் திக்கியேனும் முழுமையாகப் பாடிய பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி உரியது. மத்தியூவின் பெயரை இவ்விடத்தில் தேடுவோர் காணமாட்டார்கள். வீட்டாருக்கு நன்றி அச்சிடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அன்று மாலை கை உயர்த்திய பெண்மணிகளுக்கும் ஒரு சொல். நான் உங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்தேன். அவற்றுட் பெரும்பாலானவை எங்கள் அக்கா தைத்த சட்டைக் கைகள். எவ்வளவு உயரத் தூக்கினீர்கள்! ஒரு தையல்கூட விடவில்லை.