இனயத்தில் இரண்டு காற்றுப்பைகளும் ஒரு மெழுகுதிரியும்

எங்கள் வேன் வீட்டின் பின்சக்கரங்களுக்கு மேலிருந்து குலுக்கலைத் தாங்கும் காற்றுப்பைகளும், ஷாக் அப்சார்பர் எனும் ஷாக்குகளும் தேய்ந்து ஆறு மாதமாயிற்று. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பின்னால்தான். பள்ளம் வந்தால் மூன்றும் சேர்ந்து குதிக்கும். முதுகெலும்பில் தட்டு விலகிய என் மனைவி லதா போன பயணத்தில் பாதி வழியில் இறங்கி பஸ் ஏறிவிட்டாள். "ஒண்ணு இத சரியாக்குங்க, இல்லேன்னா வித்துருங்க" என்று சொல்லிவிட்டாள். தக்கலை நண்பர் ஒருவர் விலையும் பேசிவிட்டார். பன்னிரண்டு வருட துபாய் உழைப்பில் வந்த வண்டி. விற்க மனம் வரவில்லை. பட்டறையில் மூன்று வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நானே வேலையில் இறங்கிவிட்டேன்.

கருங்கலில் எங்கள் வீட்டு முற்றம் மண்தரை, ஜாக்கி புதையும். அதனால் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டி, இனயத்தில் மீன்பிடி வள்ளங்களின் என்ஜின் பழுது பார்க்கும் நண்பர் ஜெரால்டுடைய சிமெண்டுத்தரைக் கொட்டகைக்குப் போனேன். காலை ஏழரைக்குத் தொடக்கம். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பைகளின் காற்றை முழுக்க இறக்கி, வண்டியைத் தூக்கி இரும்புத் தாங்கிகளில் உட்கார வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

பழைய பைகள் ஒழுங்காகக் கழன்றன. இடது ஷாக்கின் கீழ் நட்டுதான் உப்புக்காற்றில் துருவேறி அசைய மறுத்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஸ்பானர் வழுக்கிச் சட்டைப் பொத்தான் தெறித்ததுதான் மிச்சம்.

"பெலம் பிடிச்சா முறியும் மக்கா. சூடாக்கி மெழுகு குடு" என்றார் ஜெரால்டு. நட்டைச் சூடாக்கி, மாதா கோயிலில் ஏற்றி மீந்த மெழுகுதிரியை அதன்மேல் தொட்டார். மெழுகு உருகி நட்டின் மரைச்சுற்றுக்குள் இறங்க, பத்தே நிமிடத்தில் நட்டு கையோடு வந்துவிட்டது.

புது ஷாக்கின் முனையில் மாட்டும் ரப்பர் வளையமான புஷ் உள்ளே போக அடம்பிடித்ததும் என் கை தானாகத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலுக்குப் போயிற்று. கதவு கிரீச்சிட்டாலும் கால் வலித்தாலும் நமக்கு அதுதானே! ஜெரால்டு பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். "ரப்பர் தோட்டம் வச்சிருக்கவன் நீ. எண்ணெ பட்டா ரப்பரு ஊதிப்போவும்னு தெரியாதா?" மானமே போயிற்று. சோப்புத்தண்ணீர் தடவியதும் வழுக்கிக்கொண்டு நுழைந்தது.

புதுப் பைகளையும் மாட்டி, மாலை நாலேகாலுக்குக் காற்றடித்து, இணைப்புகளில் அதே சோப்புத்தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். ஒரு குமிழ் கூட இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் தீர்ப்பு லதாவினுடையது. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சிதறால் மலைக்குக் கிளம்பினோம், பதினாறு கிலோமீட்டர். பஸ்ஸுக்குச் சில்லறையோடுதான் பின்சீட்டில் ஏறினாள். முதல் வேகத்தடையில் அவள் கத்தலுக்காகக் காதைத் தீட்டினேன். சத்தமில்லை. மார்த்தாண்டத்துக் குழிகளிலும் சத்தமில்லை. கோபமாக இருக்கிறாளோ என்று பயந்தே போனேன்.

மலையடிவாரத்தில் நிறுத்திப் பின்னால் போய்ப் பார்த்தால், மடியில் என் சட்டை. பொத்தானைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுத வண்டியிலயா தச்ச?"

"பின்ன? ஊசி ஒருக்கா கூட குத்தல."

செய்ய நினைப்பவர்களுக்கு: பொருட்களுக்கு 31,400 ரூபாய், ஒரு பகல் வேலை. பழைய பையில் அச்சடித்த எண்ணைப் பார்த்தே புதியதை வாங்குங்கள். ஷாக்கின் நட்டுகளைச் சக்கரங்கள் தரையில் நின்ற பிறகே முழுசாக முறுக்குங்கள். தேங்காயெண்ணெயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தக்கலை நண்பரும் இதைப் படிப்பார். மன்னித்துக்கொள்ளுங்கள், வண்டி விற்பனைக்கு இல்லை.