ஏரிப்படியில் விட்ட செருப்பு

"…குழந்தை செருப்புகூட இருக்கு, ஆளைத்தான் காணோம்!" என்று ஆங்கிலத்தில் கத்தியபடி, இடுப்பளவு ஏரித் தண்ணீரில் ஒரு துறவி துழாவிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளில் நாங்கள் நியூஜெர்சிக்கு வந்த புதிது. பழைய கிறிஸ்தவ மடாலயத்துத் தோட்டத்தை ஆசை தீரச் சுற்றிவிட்டு, ஊர்ப் பழக்கத்தில் செருப்புகளை ஏரிப்படியில் கழற்றிப் போட்டுவிட்டு, கரையிலிருந்த கோயிலுக்குள் ஜெபிக்கப் போயிருந்தோம். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தோம்.

"ஐயையோ, நம்ம செருப்புடி! நாம மூழ்கிட்டோம்னு நினைச்சுட்டார்!" என்று பதறினார் என் கணவர்.

"ஃபாதர், வீ ஆர் ஹியர்!" என்று குதித்தாள் மகள்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் செருப்புக்கென்று ஒரு துணிப்பை கொண்டுபோகிறேன். அன்று, கரையேறிய ஃபாதர் விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு நனைந்த ஷூவைக் கழற்றி எங்கள் செருப்புகளின் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் கோயிலுக்குள் நடந்தார்.